தங்கராசாவுக்கு மட்டும் செய்த மருந்து

இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்யும் எவருக்கும் தங்கராசாவைத் தெரியும். எதையும் லேசில் நம்பாத மனிதர். போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது நாங்கள் எல்லோரும் கிணற்றை இறைத்துவிட்டுக் குடித்தோம். இவரோ குளத்து மீன்குஞ்சுகளைத் தன் கிணற்றில் விட்டு, செத்து மிதக்கின்றனவா என்று நாள்கணக்கில் எட்டிப் பார்த்தார். அதுவரை தண்ணீர் அள்ளியது எங்கள் கிணற்றில், அதுவும் நாங்கள் குடித்த பிறகு.

அப்படிப்பட்டவருக்குச் சிறுநீர் தேங்கும் சலப்பைக்குக் கீழேயுள்ள சுரப்பியில் புற்றுநோய். எலும்புக்குப் பரவவில்லை என்றால் வெட்டி எடுத்துச் சுகப்படுத்தலாம், பரவியிருந்தால் வெட்டிப் பயனில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதை அறிய ஒரு ஸ்கான் வேண்டும். மனைவி சிவனேஸ்வரி கெஞ்சிக் கூத்தாடி அவரை வவுனியாவுக்குக் கூட்டிப்போனார்.

அங்கே ஆஸ்பத்திரியில் ஸ்கானுக்கு மருந்து செய்யும் தாட்சாயினி, தீப்பெட்டி அளவு கண்ணாடித் துண்டு ஒன்றைக் காட்டினாள்.

"இதுக்குள்ள தலைமயிரிலும் மெல்லிய வாய்க்கால்கள் இருக்கு ஐயா. கதிர்வீச்சுத் துளியும் மருந்துத் துளியும் அதுக்குள்ளால ஓடிக் கலக்கும். ஊசியில ஏத்தினா, நோய் இருக்கிற இடம் படத்தில வெளிச்சமாத் தெரியும்."

"வாய்க்கால் எண்டா தண்ணி மாறிப் பாயுமே பிள்ளை?"

"பாயாது. ஒரு ஆளுக்கு ஒரு துண்டு. இது உங்களுக்கு மட்டும் செய்யிறது."

அந்தப் பிள்ளை அதைச் சொல்லியிருக்கக் கூடாது. தனக்கு மட்டும் ஏன் என்ற கேள்வி அவருக்குள் புகுந்துவிட்டது. அவள் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று வேலை செய்வதையும் கண்டுவிட்டார்.

"நீர் ஒளிச்சு நிண்டு செய்யிறதை என்ர நரம்பில ஏத்தவோ?"

"நான் ஒவ்வொரு நாளும் செய்யிறன் ஐயா. உங்களுக்கு ஒருக்காத்தான்."

தலையாட்டினார். ஆனால் ஊசிக்குக் கூப்பிட்டபோது கதிரையை விட்டு எழும்பவில்லை. பக்கத்தில் ஓமந்தையிலிருந்து வந்த மயில்வாகனம், தனக்கென்று வேறு துண்டில் செய்த மருந்துக்காகக் காத்திருந்தார்.

"நீங்கள் முன்னுக்குப் போங்கோ அண்ணை. எனக்கு அவசரமில்லை," என்றார் தங்கராசா. என்ன பணிவு! அன்றைக்கு மீன் மயில்வாகனம்தான்.

"ஐயா, மருந்தில இருக்கிற கதிர்வீச்சு நெடுக இராது, தணிஞ்சு போயிரும்," என்றாள் தாட்சாயினி.

"ஏமாத்திறவைதான் அவசரப்படுத்திறவை."

சிவனேஸ்வரி கையைப் பிடித்து இழுத்தும் அசையவில்லை. மயில்வாகனம் ஊசி போட்டு, படம் எடுத்து, வெளியே வந்து சோற்றுப் பார்சலை அவிழ்த்தார். தங்கராசா அவர் கண்ணை உற்றுப் பார்த்தார்.

"தலை சுத்துதோ?"

"பசிக்குது."

அதன் பிறகுதான் சட்டைக் கையை மடித்தார். தாட்சாயினி மருந்தை அளந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

"அடங்கிப் போச்சு ஐயா. இனி ஏத்தினாலும் படம் விழாது. மூலப்பொருள் திரும்ப வந்தாத்தான் செய்யலாம்."

அது வந்து சேர மாரிகாலமே முடிந்துவிட்டது. இரண்டாம் முறை ஒரு கேள்வியும் கேட்காமல் கையை நீட்டினார். படத்தில் இடுப்பெலும்பும் முள்ளந்தண்டும் வெளிச்சமாக இருந்தன. வெட்டுவது என்ற கதை அத்தோடு நின்றது.

"முதல் வந்த நேரமே பரவி இருந்திருக்குமோ?" என்று டொக்டரைக் கேட்டார்.

"இருந்திருக்கலாம். இனி ஒருத்தராலும் சொல்லேலாது."

திரும்பும் வழியில், பஸ் மாங்குளத்தில் நின்றபோது மனைவியிடம் மெல்லக் கேட்டார்.

"இஞ்சாரும், அப்பவே இருந்திருக்கும்தானே?"

"ஓமப்பா. அப்பவே இருந்திருக்கும்," என்றார் சிவனேஸ்வரி உடனே.

நம்ப வேண்டும் என்று மனம் கிடந்து தவித்தது. ஆனாலும் ஏன் இவ்வளவு கெதியாகச் சொன்னாள் என்று, கிளிநொச்சி வரும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.