கறுப்பு உடுப்பில் தங்கச்சி

நாடகக் கொட்டகையில் அவளை எல்லாரும் முணுமுணுப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்திரை ஓரமாக முக்காலி போட்டு உட்கார்ந்து, மேடையில் யாருக்காவது வசனம் மறந்தால் முதல் வார்த்தையை எடுத்துக்கொடுப்பது முப்பது வருஷமாக அவள் வேலை. அவளுடைய அம்மா அதே கொட்டகையில் உடுப்புத் தைத்தவள். மூத்த மகள் மேடையேறினாள். இளையவள் இவள், திரைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

அக்காவுக்கு மறதி வந்து மூன்று மாசம். தங்கச்சியைத் தவிர யாருக்கும் தெரியாது. அக்கா விரல் மோதிரத்தைத் திருகினால் வசனம் வேண்டும் என்று அர்த்தம். அதை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே தெரிந்தால் மேடை போய்விடும். மேடையில்லாத அக்காவைத் தங்கச்சியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் புது டைரக்டர் வந்து சேர்ந்தார். பல தேசத்து நாடகம் பார்த்தவர். ஒத்திகைக்கு ஒரு கதை வைத்திருப்பார்.

"ஒரு தேசத்துல சும்மா நிக்கிறதுக்கே தனிப் பேரு இருக்கும்மா. மௌனமும் வசனம்தான். அங்கயே கறுப்பு உடுப்புல, முகத்தையும் மூடிக்கிட்டு ஒரு ஆள் மேடைக்கு வருவான். சாமான் எடுத்துக் குடுப்பான். யாரும் அவனக் கண்டுக்க மாட்டாங்க. கறுப்புன்னா அங்க ஆளே இல்லன்னு அர்த்தம்."

"எங்க வீட்டுக்காரர் சமையக்கட்டுல நிக்கிற மாதிரி," என்றாள் முணுமுணுப்பு. ஒத்திகையே சிரித்தது.

கடைசிக் காட்சியில், மகன் இறந்த சேதி கேட்டு, பன்னிரண்டு எண்ணும்வரை அக்கா பேசாமல் நிற்க வேண்டும். டைரக்டர் வைத்த மௌனம் அது; அதற்குப் பிறகுதான் கடைசி வசனம்.

முதல் நாள் ஆட்டம். பன்னிரண்டு ஆனது. இருபது ஆனது. அக்காவின் கை மோதிரத்துக்குப் போகவில்லை. நடிக்கிறாளா, தொலைந்துவிட்டாளா? அந்த அமைதியில் இவள் ஒரு வார்த்தை சொன்னாலும் கடைசி வரிசைவரை கேட்டுவிடும். உதட்டைக் கடித்துக்கொண்டாள். நாற்பதில், சேதி கொண்டுவந்தவனாக நடித்தவன் பயந்துபோய்த் திரையை இறக்கச் சொல்லிச் சைகை காட்டினான். திரை இறங்கியது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"பின்னிட்டீங்கம்மா! தினமும் இதே மாதிரி வேணும்," என்றார் டைரக்டர்.

உடுப்பு அறையில் அக்கா சீறினாள். "ஏன்டி எடுத்துக் குடுக்கல?"

"நீ மோதிரத்தத் திருகலையேக்கா."

"எந்த மோதிரம்?" அக்கா தன் விரலையே யாருடையதோ போலப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் டைரக்டரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "வேற ஆளப் போட்டுறாதீங்க. நீங்க சொன்ன கறுப்பு உடுப்பு ஆளா, நான் அவ பின்னாலயே நிக்கிறேன்."

அவர் நெற்றியைத் தேய்த்தார். "இந்த நாடகம் முடியிற வரைக்கும். அடுத்ததுக்கு என்னால வாக்குக் குடுக்க முடியாதும்மா."

விஷயம் தெரிந்து அக்கா கொதித்துப்போனாள். "ஊரு பாக்க என்னக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டு வரப்போறியா?"

"கறுப்புன்னா ஆளில்லக்கா."

"எனக்குத் தெரியுமேடி, நீ நிக்கிறது."

ஆட்டம் தொடங்க மணி அடித்தது. தங்கச்சி கறுப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு, முகத்துணியின் முடிச்சு பின்னால் எட்டாமல் தடவிக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து வந்து, முடிச்சை இறுக்கினாள்.

"நெத்தியயும் மூடு. அம்மா ஜாடை தெரியுது."

மேடைப்படி ஏறும்போது, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "இன்னிக்கு எடுத்துக் குடுத்துருடி."