கவ்வாஸ் என்ற பெயரைத் தேடி எண்பத்து நான்கு கிலோமீட்டர்

போனவர்கள் நான்கு பேர். நான், என் கணவர், கணவரின் அக்கா நஸீமா (எனக்கு மதினி), த்ரீவீல் ஓட்டிய சுனில். மதினியின் மடியில் ஒரு தடித்த கோப்பும் இருந்தது. அதை ஐந்தாவது ஆளாகவே எண்ணலாம். வழி முழுக்க எங்கள் மூவரையும்விட அதுதான் வசதியாக உட்கார்ந்து வந்தது.

புறப்பட்டது ரஜப் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, காலை 7.15க்கு, மாத்தளை டவுனில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து. வழக்கமாக நான் இந்தப் பக்கத்தில் எழுதுவது சியாரம் (தர்கா), அருவி, உறவுக்காரர் கல்யாணம் என்று போய்வந்த கதைகள். இது ஒரு பெயரைப் பார்க்கப் போன கதை. தங்கள் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேட நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். தேடாமல் இருப்பது நல்லது என்று நினைப்பவர்களுக்கு இன்னும் உதவும்.

காரணம் இதுதான். எங்கள் மகள் சுமையாவுக்கு நாவுலவிலிருந்து ஒரு பேச்சு வந்தது. மாப்பிள்ளை வெங்காயமும் மிளகாயும் பயிரிடுபவர், ஐந்து வேளைத் தொழுகையாளி, சிரித்த முகம். எல்லாம் சரி. ஆனால் அவர்கள் கொடுத்தனுப்பிய காகிதத்தில் அவர் பெயரின் கடைசியில் 'கவ்வாஸ்' என்று இருந்தது. அதுதான் எங்கள் குடும்பப் பெயரும்.

எங்களில் பெரும்பாலோருக்கு வாப்பாவின் பெயர்தான் முன்னெழுத்து. இரண்டு தலைமுறையில் பழைய பெயர் கரைந்துவிடும். கவ்வாஸ் மட்டும் கரையாமல் நின்றது மதினிக்குப் பெரிய பெருமை. அரபியில் கவ்வாஸ் என்றால் நீரில் மூழ்கி எடுப்பவர். யெமனின் ஹளரமவுத்திலிருந்து ஒரு முத்துக் குளிப்பவர் மன்னாரில் வந்திறங்கி, பின் மாத்தளைக்கு ஏறி எங்கள் குடும்பத்தைத் தொடங்கினார் என்பது மதினி சொல்லும் வரலாறு. முத்துக் குளிப்பவருக்கு மலையில் என்ன வேலை என்று கல்யாணமான புதிதில் ஒருநாள் கேட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

காகிதத்தைப் பார்த்த அன்றே மதினி இடையில் நின்றவரிடம் சொல்லியனுப்பிவிட்டார். "பேரைத் திருடினவங்க வூட்டுக்குப் பொண்ணு குடுக்க மாட்டோம்னு சொல்லுங்க."

உம்மா மவுத்தான பிறகு என் கணவரை வளர்த்தவர் அவர். மதினி ஒன்றைச் சொல்லிவிட்டால் இவர் தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். எங்கள் வீட்டில் சமைப்பது மகள். அந்த வாரம் முழுக்க எல்லாக் கறியிலும் உப்பு இல்லை. நான்தான் கேட்டேன், "மதினி, திருட்டுன்னா சாட்சி வேணாமா? சாட்சி இல்லாம சொல்றது அவதூறாகிடுமே?"

மார்க்கத்தைச் சொன்னால் மதினி நின்று கேட்பார். "வேணும்தான். வா, போய்க் கையோட புடிப்போம்."

யட்டவத்தையில் எங்கள் குடும்பத்தின் பழைய கிளை ஒன்று இருப்பதாக மதினியின் குடும்ப வரலாற்றுக் கோப்பில் இருந்தது. அதனால் முதலில் அங்கே. பத்துக் கிலோமீட்டர், பாதை வளைவு அதிகம், வாந்தி வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு போக வேண்டாம். 7.50க்குச் சந்தையருகே இறங்கி, வெற்றிலை விற்ற பெண்ணிடம் கவ்வாஸ் வீடு எங்கே என்று கேட்டோம்.

"கவ்வாஸ் வீடா? நேரா போங்க. கவ்வாஸ் நோனா இப்பதான் பன்சலைக்குப் போயிட்டு வந்தாங்க."

"எங்க போயிட்டு?" என்றார் மதினி.

"பன்சலைக்கு, புத்தர் கோயிலுக்கு. நேத்து பௌர்ணமிப் போயா இல்லையா, ராத்திரி அங்கதான் இருந்தாங்க."

மதினி கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வீட்டு வாசலில் வெள்ளைச் சேலையில், கையில் பூத்தட்டோடு, ஒரு சிங்கள அம்மா நின்றிருந்தார். நோனா என்றால் சிங்களத்தில் அம்மா. பெயர் சோமா. நல்ல தமிழ் பேசினார். உட்காரவைத்து, சர்க்கரை கேட்டு, தேநீர் தந்தார்.

"எங்க மாமனார் இந்த வீட்டை முஸ்லிம் ஆளுங்ககிட்ட வாங்கினார். வீட்டோட பேரும் வந்துச்சு. என் சொந்தப் பேரு இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது. தபால்காரர்கூட கவ்வாஸ் நோனான்னுதான் கூப்பிடுவார்."

"அது எங்கட குடும்பப் பேரு" என்றார் மதினி.

"அப்படியா! அப்போ நாம சொந்தம்" என்று சோமா சிரித்தார். மதினிக்குத் தேநீர் புரையேறியது.

பிறகுதான் சோமா விஷயத்துக்கு வந்தார். வீடு வாங்கியபோது பின்கட்டில் பெரிய செம்புக் கிடாரம் ஒன்று கிடந்ததாம், நூறு பேருக்குக் கஞ்சி காய்ச்சுகிற அளவு. இரண்டு வருடம் கழித்து நாவுலவிலிருந்து ஆட்கள் வந்து கேட்டு எடுத்துப் போயிருக்கிறார்கள்.

"பாத்தியா பௌசியா, தூக்கிட்டுப் போயிருக்காங்க!" என்று மதினி என் தொடையில் அடித்தார்.

"என்கிட்ட கேட்டுத்தான் அம்மா. இப்பவும் வருஷா வருஷம் என்னை மறக்க மாட்டாங்க. முப்பதாவது நோன்பு இருந்தா கஞ்சி வரும். இல்லாட்டி மறுநாள் பெருநாள், வட்டிலப்பம் வரும். எனக்கு ரெண்டுமே புடிக்கும்."

8.45க்குக் கிளம்பினோம். சோமா நான்கு தேங்காய் கட்டிக் கொடுத்தார். சொந்தக்காரர்களுக்கு என்றார். மதினி வாங்கவில்லை, நான் வாங்கினேன். தேங்காய் என்ன பாவம் செய்தது?

அங்கிருந்து மாத்தளை வந்து உக்குவளைக்கு, பதினெட்டுக் கிலோமீட்டர். மதினியின் பாட்டனார் பிறந்த ஊர் அது. ரயிலில் போகலாம் என்று நினைத்திருந்தேன், நேரம் ஒத்துவரவில்லை. 9.40க்கு அங்குள்ள ஒரு சிறிய பள்ளிவாசலின் செயலாளர் ஹனீபா நானாவின் வீட்டில் இருந்தோம். பழைய விவரம் என்றால் பள்ளியின் கஞ்சிப் புத்தகத்தில்தான் இருக்கும் என்று அவர் ஒரு நீளக் கொப்பியை எடுத்துவந்தார்.

தெரியாதவர்களுக்காக: ரமளானில் பள்ளியில் தினமும் நோன்புக் கஞ்சி காய்ச்சுவார்கள். ஒரு நாள் ஒரு வீட்டின் முறை. அந்த வீட்டார் அரிசி, தேங்காய், இறைச்சி, ஆள் எல்லாம் தர வேண்டும். எந்த நாள் எந்த வீடு என்பது அந்தக் கொப்பியில் இருக்கும்.

எழுத்து அரபு எழுத்து, மொழி தமிழ். பழைய ஆட்கள் அப்படித்தான் எழுதினார்கள். ஹனீபா நானா கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. மதினி முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பவர். "இங்க தாங்க, நான் வாசிக்கிறேன்" என்று வாங்கினார். நாங்கள் யாரும் வற்புறுத்தவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பிஸ்மி சொல்லி, நல்ல குரலில் தொடங்கினார். "முப்பதாம் நோன்பு. கவ்வாஸ் அவர்கள். பள்ளிக் கிணற்றில் இறங்கித் தூர் எடுப்பவர். கிடாரம் ஒன்று கொடுத்தார். பள்ளியில் வைத்தால் ஒருவரும் துலக்கமாட்டார்கள், ஆகையால் முறைகாரர் வீட்டில் வைக்க. கிடாரம் எந்த வீட்டிலோ, முறையும் பேரும் அந்த வீட்டுக்கு. அன்னாருக்கு..."

நின்றுவிட்டார்.

"அன்னாருக்கு?" என்றார் ஹனீபா நானா.

"மங்கலா இருக்கு."

என் கணவர் எட்டிப் பார்த்தார். "தெளிவாத்தானே இருக்கு ராத்தா. 'அன்னாருக்குப் பிள்ளைகள் இல்லை.'"

எங்கள் பக்கம் அண்ணனை நானா, அக்காவை ராத்தா என்போம். இவர் ராத்தாவைத் திருத்தி நான் கேட்டது என் மணவாழ்வில் அதுவே முதல்முறை. மதினியின் கோப்பில், ஒரு பெரிய நாட்காட்டித் தாளின் பின்பக்கம், அந்தப் பிள்ளையில்லாதவரிலிருந்து கிளம்பிய எட்டுத் தலைமுறை வண்ணப் பென்சிலில் வரையப்பட்டிருந்தது. உச்சியில் ஒரு முத்து வேறு.

அதற்குக் கீழே கிடாரம் போன வீடுகள் வரிசையாக இருந்தன. ஐந்து வீடு, ஐந்தும் வேறு வேறு ஆட்கள். மூன்றாவது, மதினியின் பாட்டனார். அந்த வரியை ஹனீபா நானா கொப்பியைத் தூரப் பிடித்துத் தானே வாசித்துவிட்டார்: "மூன்று வருடம் இருபத்தொன்பதில் பிறை தெரிந்தது. நனைத்த அரிசி மீந்தது. சடைந்து முறையை விட்டார். மாத்தளைக்குக் குடிபோனார்." சடைவு என்றால் அலுப்பு. முப்பதாம் நாள் முறையின் கஷ்டம் அது. பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், கஞ்சிக்கு வேலை இல்லை. ஆனாலும் தயாராக இருக்க வேண்டும். நான்காவது, யட்டவத்தை வீடு. ஐந்தாவது, நாவுல. அந்த வரியில் 'விட்டார்' என்று எழுதியிருக்கவில்லை.

ஹனீபா நானா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துத்தான் சொன்னார். "அப்ப நாவுலக்காரங்ககிட்ட கஞ்சியும் பேரும் இருக்கு. நீங்க கஞ்சிய விட்டுட்டுப் பேரை மட்டும் கொண்டு போயிருக்கீங்க."

என் கணவர் தொப்பியைச் சரிசெய்கிறவர்போல முகத்தை மூடிக்கொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது.

10.45க்கு நாவுலவுக்குப் புறப்பட்டோம். முப்பத்திரண்டு கிலோமீட்டர். மதினி வீட்டுக்குத் திரும்பலாம் என்றார். "சாட்சி பாதிதான் ஆகியிருக்கு மதினி" என்றேன். சுனில் கண்ணாடியில் பார்த்து, "நோனா, எங்க கெதரப் பேரும், அதான் வீட்டுப் பேரும், அப்படித்தான். ராஜாவுக்குப் பல்லக்குத் தூக்கினோம்னு எங்க அப்பா சொல்லுவார். பெரியப்பாகிட்ட கேட்டா கோரைப்பாய் தூக்கினோம்னு சொல்றார்" என்றார். மதினி யாசீன் ஓத ஆரம்பித்தார்.

ஹாஜரா, மாப்பிள்ளையின் உம்மா, எங்களை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் "வாங்க" என்றார். நண்பகல் லுஹர் தொழ இடம் விரித்துக் கொடுத்தார். சோறு போட்டார். உப்பு சரியாக இருந்தது. கிடாரம் பின்கட்டில் நின்றது. இடுப்பளவு உயரம், உள்ளே விதை வெங்காயம். விளிம்பில் அரபு எழுத்தில் பெயர் வெட்டியிருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிறது. மதினி விரலால் தடவி வாசித்தார்.

ஹாஜரா ராத்தா கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பேரைத் திருடிட்டோம்னு சொல்லிவிட்டீங்களாமே. வேணும்னா திருப்பி எடுத்துட்டுப் போங்க. ஆனா பேரு அதுலதான் வெட்டியிருக்கு, கிடாரத்தோடதான் எடுக்கணும். தூக்க நாலு ஆள் வேணும்."

மதினி ஒரு கணம் உண்மையாகவே த்ரீவீலைத் திரும்பிப் பார்த்தார்.

"இது ஏறினா நீங்க எல்லாரும் பஸ்லதான் நோனா" என்றார் சுனில்.

முதலில் சிரித்தது ஹாஜரா ராத்தா. பிறகு நான். மதினி சிரிக்கவில்லை, ஆனால் கிடாரத்திலிருந்து கையை எடுக்கவும் இல்லை. "யாரு துலக்குறது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நானும் மகனும். இருபத்தெட்டாம் நோன்புக்குத் துலக்கி, மறுநாள் லொறியில ஏத்தி, உக்குவளையில இறக்கி வெச்சுட்டுப் பிறை பாப்போம். பாதி வருஷம் சும்மாதான் திருப்பிக் கொண்டு வர்றோம். அரிசியை அங்க ஏழைங்களுக்குக் குடுத்துடுவோம்."

"சடையலயா?"

"சடைவுதான். சடைஞ்சா விட முடியுமா?"

வாசல் வரை வந்து வழியனுப்பியபோது ஹாஜரா ராத்தா என் கையைப் பிடித்தார். "உங்க மகளைத்தான் என் மகன் கேட்டான். ஆனா திருடருன்னு ஒரு சொல்லு வந்திடுச்சு. இனி நாங்களும் யோசிச்சுத்தான் சொல்லணும். கோவிச்சுக்காதீங்க." கோபிக்க எங்களுக்கு என்ன முகம் இருந்தது?

2.30க்குக் கிளம்பினோம். நாலந்தா தாண்டினோம். பிறகு மதினி கோப்பைத் திறந்து, நாட்காட்டித் தாளை எடுத்து, உச்சியிலிருந்த முத்தைப் பேனாவால் அடித்தார். பக்கத்தில் எதையோ வரைந்தார். வண்டி குலுங்கியதில் அது தலைகீழாகக் கவிழ்த்த தொப்பிபோல வந்தது. கிடாரம் என்று பிறகு சொன்னார்.

செலவு: த்ரீவீல் நாள் முழுக்க, காத்திருப்போடு 8,500 ரூபாய். பள்ளி உண்டியலில் 500. வெற்றிலை விற்ற பெண்ணிடம் பாக்கு 50. மூன்று வீட்டிலும் உபசரித்ததால் சாப்பாட்டுச் செலவு இல்லை. பஸ்ஸில் போனால் பாதிக்கும் குறைவாகவே ஆகும், ஆனால் ஒரே நாளில் மூன்று ஊர் முடியாது. தேங்காய் நான்கு, வரவு.

தேடிப் போகிறவர்களுக்கு: பெயரைச் சொல்லி ஆண்களிடம் கேட்டால் பல்லக்கும் முத்தும்தான் கிடைக்கும். பெரிய பாத்திரம் யார் வீட்டில் இருக்கிறது என்று பெண்களிடம் கேளுங்கள். கொப்பியை வாசிப்பதற்குமுன் வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள். எழுதி வைத்த வரலாற்றைக் கூடவே கொண்டு போகாதீர்கள், மடியில் கனமாக இருக்கும்.

மதினிக்குத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்கத் தெரியாது. கேட்க ஆரம்பித்தால் எதிரில் இருப்பவரைத் திட்டிவிடுவார். ஆகவே அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, கடைசிப் பகுதியை எழுதுகிறேன். ஹாஜரா ராத்தா இந்தப் பக்கத்தை வாசிப்பவர் என்று அவரே அன்று தன் வீட்டில் சொன்னார், அந்தத் தைரியம்தான்.

ஹாஜரா ராத்தா, திருடர் என்று சொன்னது எங்கள் பிழை. அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். கிடாரம் உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும், பெயரும் அப்படியே. எங்கள் பாட்டனார் விட்ட முறையில் பாதியையாவது எங்களுக்குத் திருப்பித் தருவீர்களா என்று மதினி கேட்கிறார். இந்த வருடத்திலிருந்து அரிசியும் தேங்காயும் எங்களுடையது. இருபத்தெட்டாம் நோன்புக்கு அவரே வந்து துலக்குவாராம், சாம்பலும் கொண்டு வருவாராம். பிறை தெரிந்து எல்லாம் வீணானாலும் சடைய மாட்டோம். சுமையாவையும் உங்கள் மகனையும் பற்றி நீங்கள் யோசித்து முடித்துவிட்டால் அதையும் சொல்லுங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில் போதும். ரஜப் பாதி ஆகிவிட்டது, ரமளானுக்கு ஒன்றரை மாதம்தான் இருக்கிறது, இந்த வீட்டில் கறிக்கு இன்னும் உப்பு இல்லை. தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.