ஃபியூஸ் கேரியரின் சுருதி

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க... நீங்க மூணு பேருமே சுருதி தப்பு."

போன ஞாயிற்றுக்கிழமை, வாலாஜாபாத்தில் அரிசி மில்லுக்குப் பக்கத்து மாடி ஸ்டூடியோவில், ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே இதைச் சொன்னார் ரெக்கார்டிங் இன்ஜினீயர் பிரவீன்.

"என்னையும் சேத்தா சொல்ற? நான் டிரம்மு அடிக்கிறவன்பா" என்றான் தேவராஜ்.

நான் ஏதோ வாராவாரம் எழுதுகிற ஆள் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? கல்யாணத்துக்கு முன்னால் நான் உத்திரமேரூரின் ஒரே ராக் பேண்டில் கிடாரிஸ்ட்! பேண்டின் பெயர் 'ஃபியூஸ் கேரியர்' — நாங்கள் ஆம்ப்ளிஃபையரைப் போட்டாலே தெருவில் அதுதான் போகும். இப்போது தண்ணீர் லாரி ஓட்டும் தேவராஜ், டிரம்ஸ். ஒரகடத்துக்கு கம்பெனி வேனில் வேலைக்குப் போய்வரும் ஸ்டெல்லா, பாட்டு.

ஆளுக்கொரு குடும்பம் ஆனதும் பேண்ட் கலைந்தது. இந்த வருடம் ஸ்டெல்லாதான் மறுபடி ஆரம்பித்தாள். "செத்தப்புறமா ஆல்பம் போடப் போறோம்?" என்று போனில் அதட்டினாள். இந்த வயதில் ராக்கா என்று சிரித்தவர்கள் நிறையப் பேர். சிரிக்கட்டுமே!

ஆனால், சுருதியே தப்பு என்றால்...?

பிரவீன் கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கினார். என் கிடார் அதற்குக் கொஞ்சம் மேலே. அடுத்த கட்டையை அமுக்கினார். அதற்குக் கொஞ்சம் கீழே. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறோம்... இத்தனை வருடமாக!

எனக்கு உடனே புரிந்துவிட்டது. தேவராஜும் ஸ்டெல்லாவும் இருந்த காலனியின் சர்ச் ஆர்மோனியம். யாரோ ரிப்பேர் பார்க்கிறேன் என்று உள்ளே சத்தம் எழுப்பும் பித்தளை ரீடுகளையெல்லாம் சுரண்டி வைத்த பெட்டி. அதோடுதான் கிடாருக்குச் சுருதி சேர்ப்போம். பழக்கதோஷம், இந்த முறையும் அங்கேயே போய்ச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தோம்.

எங்கள் நெசவாளர் தெரு பஜனை மடத்தில் நல்ல ஆர்மோனியம் இருந்தது. நான் உள்ளே போகலாம். தேவராஜும் ஸ்டெல்லாவும் வாசலோடு நிற்க வேண்டும். மூன்று பேரும் ஒன்றாக உட்கார முடிந்த இடத்தில் இருந்தது அந்த சர்ச் பெட்டிதான். அப்புறம் எங்களுக்கு வேறு எந்தச் சுருதி வரும்?

"பிரச்சினையே இல்ல மேடம்" என்றார் பிரவீன். சாஃப்ட்வேரில் ஸ்டெல்லாவின் குரலைக் கொஞ்சம் இழுத்து, நெளிவு சுளிவெல்லாம் நேராக்கிப் போட்டுக் காட்டினார். பளபளவென்று இருந்தது. மேலே போகும்போது அவளுக்கு வரும் அந்தக் கரகரப்பை மட்டும் காணோம்.

ஸ்டெல்லா முழுப் பாட்டையும் பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லாத்தான் கீது. யாருப்பா இந்தப் பொண்ணு?"

"நீங்கதான் மேடம்."

"நான் இல்ல. அத்த அழி."

பிரவீன் விடவில்லை. பின்னணிக்குத் தான் வாசித்து வைத்த கீபோர்ட் ட்ராக் எல்லாம் ரெடியாகிவிட்டது, ஒத்து வராது, கேட்கிறவர்கள் கமென்ட்டில் கிழித்துவிடுவார்கள் என்றார். நியாயமான பேச்சுதான்.

"அந்த கீபோர்ட எங்க பக்கம் நகத்த முடியுமா, முடியாதா? அத்த சொல்லு" என்றாள் ஸ்டெல்லா.

"முடியும்... ஆனா உலகம் பூரா இந்தச் சுருதிதானே மேடம்? எதுக்கு மாத்தணும்?"

"இன்னாபா நீ... ஊர்ல, கம்பெனில, மாமியார் வூட்டுல, எல்லா எடத்துலயும் நாங்கதான் மாத்திக்கினு வந்தோம். இங்க நீ மாத்து."

பிரவீன் மவுஸைப் பிடித்தார். கீபோர்டின் சுருதி மெல்ல நகர்ந்து எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. ஸ்டெல்லா பாடினாள், அதே கரகரப்போடு, ஸ்டூடியோ கண்ணாடி அதிர. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்வதில் என்ன வெட்கம்?

எது சரியான சுருதி என்று முடிவு செய்கிறவர்கள், யாரை உள்ளே விடுவது என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை. நாங்களும் இனி யாரையும் கேட்பதாக இல்லை.

ஆல்பம் வந்ததும், உங்கள் வீட்டு கீபோர்டில் கூடவே வாசித்துப் பார்ப்பீர்கள். ஒத்து வராது.

கீபோர்டை மாற்றிக்கொள்ளுங்கள்!