கரட்டில் இறங்கிய ஸ்டீல் சைக்கிள்

மூன்று மாதம் வீடியோ பார்த்தும், வாங்கப்போகும் மலைச் சைக்கிளின் பிரேம் ஸ்டீலா அலுமினியமா என்று என்னால் முடிவெடுக்க முடியவில்லை.

இன்று காலை நண்பரின் ஸ்டீல் சைக்கிளை இரவல் வாங்கி, எடப்பாடி பக்கத்தில் கரடு என்று சொல்லும் பாறைக் குன்றின் மேல் உருட்டிக்கொண்டு போனேன். பின்னால் சஸ்பென்ஷன் கிடையாது. முன்சக்கரம் நன்றாகவே முன்னால் தள்ளி நிற்கும். செங்குத்தான இறக்கத்தில் ஆளைக் குப்புறத் தள்ளாது என்பார்கள்.

மேலே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அக்கா சைக்கிளையே பார்த்தார்.

"ஏனுங்க, எங்கயாச்சும் மோதிட்டீங்களா? சக்கரம் தள்ளி நிக்குதுங்களே."

"இல்லைங்க அக்கா, இதோட அமைப்பே அப்படித்தானுங்க."

"மட்கார்டு, கேரியர் ஒண்ணையும் காணோம்?"

"இதுக்கு அதெல்லாம் வராதுங்க."

"அட பாவமே!"

இறங்கினேன். சரளையில் பின்சக்கரம் வழுக்கியது. பாறை விளிம்பில் நான் பதறி இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். சைக்கிள் மட்டும் பதறவில்லை. கீழே கால் ஊன்றியபோது வாயெல்லாம் சிரிப்பு. ஸ்டீலேதான் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

மேலிருந்து அக்கா கத்தினார்:

"அடி பட்டுருச்சுங்களா சாமி? அந்தப் பக்கம் தார் ரோடே இருக்குதுங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!"

என் மூன்று மாத ஆராய்ச்சியில் தார் ரோடு வரவேயில்லை. அவருக்குச் சொல்ல யாரிடமாவது நல்ல பதில் இருக்கிறதா?