விளையாட்டுக்குக் கேட்டது

என் அப்பா தன் ஆயுளில் ஒரே ஒரு விளையாட்டுச் சாமான்தான் வாங்கினார். அதுவும் எனக்கு இல்லை. அறுபத்துமூவர் உற்சவத்துக் கடைகளில் நான் அழுது கேட்ட சொப்புக்கும் மரப்பாச்சிக்கும் 'அடுத்த வருஷம் பாக்கலாம்' என்று சொல்லியே என்னைக் கல்யாண வயசு வரை கொண்டுவந்து விட்ட மனுஷர், என் தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு டி.வி. கேம் வாங்கினார்.

டி.வி. கேம் என்றால் என்னவென்று இப்போது சொன்னால்தான் தெரியும். எழுபதுகளின் கடைசி. மெட்ராசுக்கு டெலிவிஷன் வந்தே சில வருஷம்தான் ஆகியிருந்தது. பிஸ்கட் டப்பா அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து இரண்டு ஒயர், ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் ஒரு குமிழ். பெட்டியை டி.வி.யின் பின்னால் மாட்டினால் திரையின் இரண்டு ஓரத்திலும் இரண்டு வெள்ளைக் கோடுகள் நிற்கும். நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி ஓடும். குமிழைத் திருகிக் கோட்டை மேலும் கீழும் நகர்த்தி, புள்ளியை எதிராளி பக்கம் தட்டி அனுப்ப வேண்டும். தட்டும்போதெல்லாம் டொக் என்று ஒரு சத்தம். இதற்குத்தான் சீமையிலிருந்து கப்பல் ஏறி வந்தது அது.

எனக்குக் கல்யாணம் ஆனது வைகாசியில். கல்யாணத்தில் ஒரு குறை நேர்ந்துவிட்டது. பிள்ளை வீட்டார் தங்கியிருந்த மாடிக்குக் காலையில் போன காபி இரண்டாம் டிகாக்‌ஷன் என்று சம்பந்தி மாமி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார். வேறு எதுவும் இல்லை, காபிதான். ஆனால் அப்பா மாடிப்படியில் ஏறி, எல்லார் முன்னிலும் கையைக் கூப்பி, புது டிகாக்‌ஷன் இறக்கித் தானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். அதற்குப் பிறகு அவருக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. என் கணவர் எங்கள் மயிலாப்பூர் வீட்டுக்குள் நுழைந்தால் எழுந்து நின்றுவிடுவார். 'உக்காருங்கோ மாமா' என்று அவர் சொல்லும் வரைக்கும் உட்கார மாட்டார். ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் குமாஸ்தாவாக இருந்தவர், மேனேஜருக்குக்கூட அப்படி நின்றிருப்பாரோ என்னவோ.

அவருடைய பயம் ஒன்றே ஒன்று. தான் செய்யும் குறைக்கு அடையாறில் புக்ககத்தில் நான் பேச்சுக் கேட்க வேண்டி வரும். வேறு எதைப் பற்றியும் அவர் பயந்து நான் பார்த்ததில்லை.

என் கணவரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் நேராகச் சொல்ல வராது. பசிக்கிறது என்பதைக்கூட, 'இந்த ஆத்துல சமையல்னு ஒண்ணு உண்டா, இல்லே எல்லாருக்கும் ஏகாதசியா' என்றுதான் கேட்பார். புதிதில் எனக்கே எது நிஜம், எது கேலி என்று பிடிபடவில்லை. என் அப்பாவுக்கு எப்படிப் பிடிபடும்?

நவராத்திரிக்குக் கொலு பார்க்கப் பிறந்த வீடு போயிருந்தேன். என்னை அழைத்துப் போக அவர் வந்தபோது, சுண்டலைக் கையில் கொடுத்துவிட்டு அம்மா தலை தீபாவளிக்கு அவருக்கு என்ன இஷ்டம் என்று கேட்டாள். அதற்கு முந்தின வாரம்தான் இவர் தன் ஆபீஸ் பெரிய அதிகாரி ஒருவர் வீட்டில் டி.வி. கேமைப் பார்த்துவிட்டு வந்து, அதையே பேசிக்கொண்டிருந்தார். சுண்டலை மென்றுகொண்டே, 'ஒண்ணும் வேண்டாம், ஒரே ஒரு டி.வி. கேம் வாங்கிக் குடுத்துடுங்கோ, போறும்' என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மாவும் ஒன்றும் புரியாமல் சிரித்து வைத்தாள். அப்பா சிரிக்கவில்லை. மாப்பிள்ளை வாய் திறந்து கேட்டுவிட்டார். நம்மவர்களுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? பெண்ணைக் கொடுத்த வீட்டில் மாப்பிள்ளை தும்மினால்கூட அதற்கு ஒரு அர்த்தம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தி.நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாமி வீட்டிலேயே பாரின் சாமான் விற்றுவந்தார். அவர் தம்பிக்குக் கப்பலில் வேலை. நைலெக்ஸ் புடவை, சென்ட் பாட்டில், குடை, எல்லாம் கட்டிலுக்கு அடியில் இருக்கும். யாரோ சொல்லி அப்பா அங்கே போயிருக்கிறார். தம்பி வந்தால்தான் கிடைக்கும் என்று மாமி சொல்ல, ஆபீஸ் விட்டு மயிலாப்பூருக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு நாள் தவறாமல் தி.நகர் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். கடைசியில் தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால் கிடைத்துவிட்டது. பெட்டியை அவர் பிரித்துப் பார்க்கவில்லை. மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற பொருளை நாம் பிரிக்கலாமா? அட்டைப்பெட்டியின் மேலேயே சந்தனம் குங்குமம் இட்டு சுவாமி அலமாரியில் வைத்துவிட்டார்.

பிரித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

தீபாவளி விடிகாலை. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேஷ்டி கட்டிக்கொண்டு என் கணவர் பலகையில் உட்கார்ந்திருந்தார். லேகியம் சாப்பிட்டாயிற்று. அப்பா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பெட்டியை வைத்து நீட்டினார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, அப்புறமும் பார்க்கவில்லை. பரீட்சையில் முதலாவதாக வந்த பையனுடைய முகம்.

என் கணவர் பெட்டியைப் பிரித்து, ஒயரையும் குமிழையும் வெளியே எடுத்தார். பிறகு சொன்னார்:

"விளையாட்டுக்குன்னா சொன்னேன் மாமா."

கூச்சப்படுகிறார் என்று அப்பா நினைத்துக்கொண்டார். இருக்கட்டும் மாப்பிள்ளை, போட்டுக் காட்டுங்கள், எல்லாரும் பார்க்கிறோம் என்றார். இதற்கு டி.வி. வேண்டுமே என்று என் கணவர் சொன்னதும் அப்பாவின் கை தாம்பாளத்தோடு அப்படியே நின்றது. "அதுக்குள்ளேயே இருக்காதோ?" என்று கேட்டார்.

டேப் ரிக்கார்டர் என்றால் டேப் அதற்குள்ளேயே சுற்றுகிறது. அதைப் போல டி.வி. கேம் என்றால் டி.வி.யும் அதற்குள்ளேயே இருக்கும் என்று நினைத்துவிட்டார். மயிலாப்பூர் வீட்டில் டி.வி. கிடையாது. அடையாறிலும் கிடையாது. என் கணவர் சிரித்துவிட்டார். குத்தலாக ஒன்றும் சிரிக்கவில்லை, யாராக இருந்தாலும் வந்திருக்கக்கூடிய சிரிப்புதான். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

மயிலாப்பூரில் நாங்கள் இருந்தது பின்போர்ஷன். முன்போர்ஷனில் வீட்டுக்காரர். அவர் கூடத்தில் டி.வி. இருந்தது, மரக்கதவு போட்டு, பூட்டி, மேலே பூவேலை செய்த துணி விரித்து. வெள்ளிக்கிழமை பாட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்கும் தரையில் உட்கார்ந்து பார்க்க எங்களுக்கு அனுமதி உண்டு. என் கணவர் வேண்டாம் மாமா, வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

வீட்டுக்காரர் ஆன்டெனா ஒயரைக் கழற்ற விட மாட்டேன் என்றார். கழற்றினால் அப்புறம் படம் நேராக நிற்காது, டியூப் போய்விட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். அப்பா பெட்டியைத் தரையில் வைத்தார். கல்யாணத்தில் கூப்பினாரே, அதே மாதிரி கையைக் கூப்பினார். மாப்பிள்ளைக்குத் தலை தீபாவளி, பத்து நிமிஷம் போதும் என்றார். புதுப் புடவை கட்டிக்கொண்டு தலைகொள்ளாத பூவோடு நின்று நான் அதைப் பார்த்தேன். என் ஆயுளுக்கும் அந்த ஒரு தீபாவளி போதும்.

கடைசியில் வீட்டுக்கார மாமி உள்ளேயிருந்து வந்து, நல்ல நாளும் அதுவுமாக என்ன இது என்று புருஷரைக் கடிந்துகொண்டு சாவியை எடுத்துக் கொடுத்தாள். காலையில் டி.வி.யில் எந்த நிகழ்ச்சியும் கிடையாது. என் கணவர் ஒயரை மாட்டினார். வெள்ளைக் கோடுகள் வந்தன. புள்ளி ஓடியது. வீட்டுக்காரரே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வாங்கோ மாமா. இது ரெண்டு பேர் ஆடறது" என்று ஒரு குமிழை என் கணவர் அப்பாவிடம் கொடுத்தார். அன்றைக்கு அவர் செய்த நல்ல காரியம் அது என்று எனக்குத் தோன்றியது. அப்பா வெட்கப்பட்டுக்கொண்டே வாங்கிக்கொண்டார். முதன்முறையாக மாப்பிள்ளைக்குச் சமமாகப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் எந்தக் கோடு?" என்று கேட்டார்.

இடது பக்கம் என்றார் என் கணவர். அப்பா குமிழைத் திருகினார். புள்ளி வந்தது, போயிற்று. மறுபடி வந்தது, போயிற்று. டொக் என்று சத்தம் கேட்ட பிறகுதான் அவர் கை திரும்பியது. முதலில் பழக்கமில்லை என்று எல்லாரும் சிரித்தோம். பிறகு அவர் முன்னால் நகர்ந்தார். இன்னும் நகர்ந்தார். மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்குப் போய், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் எதையோ தேடினார். கோடு திரையின் உச்சியில் போய் முட்டி நின்றது. அவர் திருகிக்கொண்டே இருந்தார்.

அவ்வளவு கிட்டப் போகாதேயும் ஓய், கண் கெட்டுடும் என்றார் வீட்டுக்காரர்.

கதவோரம் நின்றிருந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்பாவுக்குப் புள்ளி தெரியவில்லை. அவர் எந்தக் கோடு என்பதே அவருக்குத் தெரியவில்லை. என் கணவருக்கும் அதே நேரத்தில் புரிந்திருக்க வேண்டும். தன் குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவர் பக்கம் போன புள்ளியெல்லாம் தப்பித் தப்பி வெளியே போக, அப்பா பக்கத்துக் கணக்கு மளமளவென்று ஏறியது.

"யார் ஜெயிச்சது?" என்று கேட்டார் அப்பா.

"நீங்கதான் மாமா" என்றார் என் கணவர். அந்த ஒரு தடவை அவர் குரலில் கேலி இல்லை.

அடுப்படியில் அம்மா சொன்னாள். இரண்டு கண்ணிலும் புரை, அதில் ஒன்று முத்திவிட்டது, உடனே ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்று டாக்டர் புரட்டாசியிலேயே சொல்லியிருக்கிறார். அதற்கு என்று எடுத்து வைத்த பணம்தான் தி.நகர் மாமியிடம் போயிற்று. அம்மா தடுத்துப் பார்த்திருக்கிறாள். கண் எங்கேயும் ஓடிப் போய்விடாது, தலை தீபாவளி ஒரு தடவைதான் வரும் என்றாராம். என்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டிருக்கிறார். அம்மா மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. ஆனால் அழுகிறவளை என்ன சொல்வது?

அடையாறுக்குப் பெட்டியோடு போனோம். "லாடம் கிடைச்சாச்சு, இனிமே குதிரை வாங்கறதுதான் பாக்கி" என்றார் என் மாமியார். என் கணவர் மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு தி.நகர் மாமியிடம் போனார். பாரின் சாமான் ஒரு தடவை கை மாறினால் மாறினதுதான் என்று சொல்லி மாமி திருப்பி வாங்கவில்லை. என் கணவர் தெரிந்தவர்களிடமெல்லாம் வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டுப் பார்த்தார். டி.வி. இருக்கிறவர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை. பெட்டி பீரோ மேல் ஏறியது. அப்பாவின் ஆபரேஷனுக்கு வேண்டியதைத் தான் தருவதாக என் கணவர் மயிலாப்பூருக்குப் போய்ச் சொன்னார். மாப்பிள்ளையிடம் கை நீட்டுவதாவது என்று அப்பா எழுந்து நின்றுகொண்டு மறுத்துவிட்டார்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் அந்த முத்தின கண் சிவந்து வீங்கி, வலி பொறுக்க முடியாமல் சுவரில் தலையை மோதிக்கொண்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போனபோது நாள் கடந்துவிட்டது. அந்தக் கண் போய்விட்டது. இன்னொன்றையாவது காப்பாற்ற வேண்டும் என்று அதில் ஆபரேஷன் செய்தார்கள். அந்தக் காலத்தில் இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, அசையக் கூடாது, இருமக் கூடாது, அழக் கூடாது என்று படுக்க வைத்துவிடுவார்கள்.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும் வளையல் சத்தத்தில் கண்டுகொண்டார். ஏன் அதை வாங்கினீர்கள் என்று கேட்கத்தான் போயிருந்தேன். அதற்குள் அவரே பேச்சை எடுத்தார்.

"மாப்பிள்ளை அதுல ஆடறாரோ?"

"தினம் ஆடறார்ப்பா."

"யாரோட?"

பீரோ மேல் இருந்த பெட்டி கண் முன்னால் வந்தது. "என்னோடதான்" என்றேன்.

கட்டுக்குக் கீழே அவர் முகம் மலர்ந்தது. டி.வி. எங்கேயிருந்து வந்தது என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. பிறகு என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"நீ ஜெயிச்சுடாதேம்மா. தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இரு. அவர் ஜெயிக்கட்டும். விட்டுக் குடுத்துடு."

எதிரே உட்கார்ந்து நான் அழுதால் அவரும் அழுதுவிடுவார், அழக் கூடாது. சரிப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய் அழுதேன்.