பிறருக்கு எழுதிய சாட்சிகள்

சாரலோடு பினாயில் வாசனை கலந்து வந்தால் என் கை தானாகவே சட்டைப் பைக்குள் ஒரு காகிதத்தைத் தேடும். நேற்றுக் குற்றாலத்தில், அருவிக்குப் போகும் பாதையில் ஒருவர் பினாயில் தெளித்துக்கொண்டு போனார். நின்றுவிட்டேன். பையில் காகிதம் இல்லை. அதில் எழுதியிருந்ததைத்தான் இருபது வருஷமாகத் தொலைக்க முடியவில்லை.

அப்போது தென்காசியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். மருந்து கலக்கிய கையாலேயே சாட்சியும் கலக்கினேன். ஞானஸ்நானம் பெறப்போகிறவர்கள் அதற்கு முந்திய ஞாயிறு சபை நடுவே எழுந்து, ஆண்டவர் தங்களை மீட்ட விதத்தைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். பேச வராதவர்கள் என்னிடம் வருவார்கள். ‘பாவச் சேற்றில் உழன்றேன், கர்த்தர் என்னைத் தூக்கியெடுத்தார்’ என்று எழுதிக்கொடுப்பேன், ஒப்பிப்பார்கள். கள்ளை வாயில் வைத்தே அறியாத தோட்டக்காரர், குடியிலிருந்து மீண்ட கதையை என் வரிகளில் சொல்லித் தேம்பினார். சபை அழுதது. எழுதிய நானும் அழுதேன். அழுதுகொண்டே, அடுத்தவருக்கு இதைவிட நல்ல வரி தேடினேன்.

பிரசவ வார்டு ஆயா இலத்தூர்க்காரி. கணவனும் இல்லை, ஒரே மகனையும் காய்ச்சல் கொண்டுபோயிருந்தது. ஞானஸ்நானம் எடுத்தால் வேலை நிரந்தரம், தங்க ஓர் அறையும் உண்டு. எடுக்காவிட்டால் மாதக் கடைசியோடு கிளம்ப வேண்டியதுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எழுத்தறியாதவளுக்கு நான் எழுதியதை வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டாள்.

“நான் எப்பய்யா பாவச் சேத்துல கெடந்தேன்? நாத்து நட்ட சேத்துலல்லா கெடந்தேன்!”

“எல்லாரும் சொல்லுததுதானக்கா. சொல்லிட்டு வேலையக் காப்பாத்திக்கிடுங்க.”

“சாமிகிட்டப் போயும் அடுத்தாள் பேச்சையா பேசச் சொல்லுதிய?”

ஆனாலும் காகிதத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். வேலைக்காகவாவது ஒப்பித்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு நாலு பேர் என் வரிகளை ஒப்பித்து உட்கார்ந்தபின் அவள் எழுந்தாள். காகிதம் மடித்தபடியே கையில் இருந்தது.

“எம் மவன் போனப்பம் நான் கும்பிடாத சாமி இல்ல. ஒண்ணும் கேக்கல. இங்கன வந்து அடுத்தவ புள்ளயக் குளிப்பாட்டையிலதான் என் அழுக நின்னுது. நிப்பாட்டுனது ஏசு சாமிதானான்னு எனக்கு இன்னும் தெளியல. தெனமும் அவர்ட்டயே கேட்டுக்கிட்டிருக்கேன். தெளிஞ்ச அன்னைக்கு வந்து ஞானஸ்நானத் தண்ணி வாங்கிக்கிடுதேன். அதுக்கு முன்ன வாங்குனா அவருக்கே பொய் சொன்னதாயிரும்.”

சபையில் வீசிக்கொண்டிருந்த கைவிசிறிகள் நின்றுவிட்டன. “கையில் என்ன காகிதம்? யார் தந்தது?” என்றார் குருவானவர்.

“அது என்னுது இல்லய்யா. உரியவங்ககிட்டக் குடுத்துருவேன்.”

என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நான் எழுந்து ‘என்னுடையது’ என்று சொல்லியிருக்கலாம். பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்திருந்தேன். அந்த வரிசையில் தினமும் ஆண்டவரோடு பேசிக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். ஞானஸ்நானம் கிடைக்காதவளும் அவள் ஒருத்திதான்.

மாதக் கடைசி நாள், யாரும் சொல்லாமலே வார்டு முழுவதையும் பினாயில் விட்டுக் கழுவினாள். தரை காயும்வரை நின்று பார்த்துவிட்டுத் துணி மூட்டையோடு சாரலில் இறங்கினாள். குடையோடு பின்னால் ஓடினேன்.

“இப்பவே போயி எல்லாத்தையும் சொல்லிருதேங்க்கா. நில்லுங்க.”

“சொல்லுங்க. ஆனா எனக்காகச் சொல்லாண்டாம்.”

அன்று மாலையே குருவானவரிடம் சொன்னேன். கம்பவுண்டர் வேலையும் அதோடு போயிற்று. அவளைத் திரும்ப அழைக்கவில்லை. அதன்பின் பிறர் விசுவாசத்துக்கு ஒரு வரியும் நான் எழுதியதில்லை. கேட்டு வந்தவர்கள் உண்டு, கோபித்துப் போனவர்களும் உண்டு, எழுதவில்லை. இன்றும் ஒரு வாக்கியம் அழகாக வந்து விழுந்தால் உடனே நம்புவதில்லை. ஈரக் கையால் அந்தக் காகிதத்தை என் சட்டைப் பைக்குள் அவள் செருகியது நினைவுக்கு வரும். பினாயில் மணக்கும். அன்று அதைச் செருகிவிட்டு, குடைக்குள் வராமல் நனைந்துகொண்டே அவள் சொன்னாள்:

“எனக்குன்னு இனி எழுதாதிய, கம்பவுண்டரய்யா. எனக்காக ஏசு சாமிகிட்டக் கேளுங்க. ஒங்க வாயால கேளுங்க.”