சித்திக்குப் பால் கட்டிக்கொண்டதாம்

போன வருடம் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் நடந்தது இது. எங்கள் வீடு அண்ணனூரில், எனக்கு வேலை அம்பத்தூர் தொழிற்பேட்டையில். லேத்திலிருந்து வருகிற பாகங்களை அளந்து பார்த்து, சரியில்லாததை ஒதுக்கி வைக்க வேண்டும். சந்தேகப்படுவதற்காகவே சம்பளம் வாங்குகிறவள் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். கிண்டலில் பொய்யில்லை. தராசு முள்ளைப் பார்க்காமல் நான் தக்காளிகூட வாங்கியதில்லை.

எனக்கு மாதவிலக்கு நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நின்றால் நிம்மதி என்று நினைத்திருந்தேன். நிம்மதியாவது! திடீரென்று நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் காது வரை ஏறும். ரவிக்கை தொப்பலாக நனைந்துவிடும். தூக்கம் போயிற்று, அதோடு வேலையில் கவனமும் போயிற்று. ஒருமுறை நான் சரி என்று அனுப்பிய ஒரு தட்டுப் பாகங்கள் அப்படியே திரும்பி வந்தன. சூப்பர்வைசர் திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் பார்த்ததை இன்னொரு பெண்ணை விட்டு மறுபடி பார்க்கச் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தெரிந்தவர்கள் கண்ணில் படக்கூடாதென்று ஆவடியை விட்டுவிட்டு, பஸ் பிடித்துக் கரையான்சாவடியில் ஒரு பெண் டாக்டரிடம் போனேன். என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமையே எனக்கு உறுத்தியது. டாக்டருக்கு ஏது இவ்வளவு நேரம்? ஹார்மோன் மாத்திரை நிறைய பேருக்கு நல்ல பலன் தருகிறது, ஆனால் எல்லாருக்கும் ஒத்துவராது என்றார். ஏதேதோ விசாரித்துவிட்டுக் கடைசியில், "உங்க அம்மா, கூடப் பிறந்தவங்க, சித்தி, பெரியம்மா யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்திருக்காம்மா?" என்று கேட்டார்.

"எங்க பரம்பரைக்கே கிடையாது டாக்டர்" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆனால் மார்பக ஸ்கேன் எடுத்து, ரிப்போர்ட்டைக் காட்டிய பிறகுதான் முதல் மாத்திரையைப் போட வேண்டும் என்று அழுத்திச் சொன்னார். ஸ்கேன் சென்டர் அதே கட்டடத்தின் மாடியில் இருந்தது, மருந்துக்கடை கீழே. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கமிஷன்! பரம்பரையிலேயே இல்லாத நோய்க்கு எதற்கு ஸ்கேன்? மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வாங்கினேனே தவிர, போடவும் பயம். என் தட்டை மறுபடி பார்க்கிற அந்தப் பெண்ணிடமே ஒரு நாள் டீ நேரத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவள், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள்.

"இன்னாக்கா நீ, அந்த மாத்திர துன்னா கேன்சர் வரும்னு சொல்லிக்கிறாங்க. எங்க ஊட்டாண்ட ஒரு அம்மா இதுக்குன்னே நாட்டு மருந்துப் பொடி விக்குது. வாங்கியாந்து தரட்டா?"

இவளுக்குப் பொடியில் எவ்வளவு நிற்குமோ என்று தோன்றியது. என் வேலை இவளுக்குக் கிடைக்கட்டும் என்று பார்க்கிறாளோ என்றும் தோன்றியது. வீட்டுக்காரரைக் கேட்டால், "உனக்கு எது சரின்னு படுதோ செய்" என்றார். அதையும் நான் நல்லபடியாக எடுத்துக்கொள்ளவில்லை. நாளைக்கு ஏதாவது ஆனால் நீதானே முடிவு செய்தாய் என்று சொல்லலாம் இல்லையா! மாத்திரை அட்டை சமையலறையில் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. போகும்போதும் வரும்போதும் அதை முறைத்துப் பார்ப்பேன்.

கடைசியில் தூக்கமில்லாமையே ஜெயித்தது. மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஆரம்பித்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஸ்கேன் கிடக்கட்டும். அன்று கோயிலிலிருந்து திரும்பி, மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் மொண்டபோது வாசலில் குரல் கேட்டது. திருநின்றவூரில் இருக்கும் என் சித்தி மகள். ஈஸ்டருக்குப் பிறகு அவள் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு அழைக்க வந்திருந்தாள்.

மாத்திரையை மேடைமேல் வைத்துவிட்டுக் காபி போட்டுக் கொடுத்தேன். வெள்ளை கவுன் தைக்கக் கொடுத்ததைச் சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"என் புதுநன்மைக்கு நீ வரலக்கா. காலேஜ் ஹாஸ்டல்ல இருந்த. அம்மாவும் வரல. ஆஸ்பத்திரில இருந்தாங்க. பூசை முடிஞ்சு கவுனோட என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. அந்த மாசமே போய்ட்டாங்க."

சித்தி இறந்த கதை எனக்கும் தெரியும். மாரில் பால் கட்டிக்கொண்டு, அது புரையோடிப் போய்விட்டது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் அதையேதான் சொல்வார்கள். பாவம் சித்தி என்று இத்தனை வருடமும் நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். புதுநன்மை வாங்குகிற பிள்ளை என்றால் நாலாவதோ ஐந்தாவதோ படிக்கும். இவள்தான் வீட்டில் கடைசி. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் தாய்க்கு எப்படிப் பால் கட்டும்?

அதைக் கேட்டேவிட்டேன். வீட்டில் எங்கள் இருவரையும் தவிர யாருமில்லை. ஆனாலும் அவள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"கேன்சர்க்கா. உனக்குத் தெரியாதா? எனக்கே கல்யாணத்துக்கு அப்புறம்தான் அப்பா சொன்னாரு. நான் வருஷா வருஷம் செக்கப் பண்ணிக்கிறேன். பெரியம்மா உன்கிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

அவள் சொன்ன பெரியம்மா என் அம்மாதான். மேடைமேல் இருந்த மாத்திரையைப் பார்த்தேன். அவள் வர இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் அதை விழுங்கியிருப்பேன்.

அவள் போனதும் திருச்சியில் தம்பி வீட்டில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன். மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை.

"அப்ப உங்களுக்கெல்லாம் கல்யாணம் ஆகணும்ல? அந்தப் பேரைச் சொன்னா எவன் பொண்ணு கேட்டு வருவான்? அதான் எல்லாரும் கூடிப் பேசி பால் கட்டுன்னு சொன்னோம்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "இப்ப உன் மகளுக்கு வரன் பாக்குற. நீ பாட்டுக்கு வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்காம வெளிய சொல்லித் தொலைச்சிராத" என்றாள். போனை வைத்துவிட்டு அழுதேன். கோபத்தில் பாதி, சித்தியை நினைத்துப் பாதி.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கரையான்சாவடிக்குப் போனேன். பரம்பரைக்கே கிடையாது என்று சொன்ன வாயால் விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் கடிந்துகொள்ளவில்லை. "நிறைய வீட்ல இப்படித்தாம்மா. வேற பேர்தான் சொல்லுவாங்க. அதனாலதான் ஸ்கேன் முடிச்சிட்டு ஆரம்பிங்கன்னேன்" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. சொந்தத்தில் ஒருவருக்கு இருந்ததாலேயே மாத்திரை அறவே கூடாது என்றில்லை, ஆனால் சித்திக்கு அது இளம் வயதில் வந்ததால் யோசிக்க வேண்டும், ஹார்மோன் இல்லாத வேறு மருந்தும் இருக்கிறது என்றார். நான் என் வழக்கப்படி குடைந்து குடைந்து கேட்டேன். மாத்திரை போட்டால் எனக்கு வருமா, வராதா? "அதை என்னால உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார். அந்தப் பதிலைக் கேட்டபிறகுதான் அவர்மேல் எனக்கு நம்பிக்கையே வந்தது. ஹார்மோன் வேண்டாம், அந்த வேறு மருந்தே போதும் என்று நானே முடிவெடுத்தேன். இப்போதும் சூடு அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது, ஆனால் தூங்குகிறேன். கம்பெனியில் என் தட்டை யாரும் மறுபடி பார்ப்பதில்லை.

ஸ்கேன் ரிப்போர்ட் வந்த அன்று சாயங்காலமே என் மகளை உட்கார வைத்து, சின்னப் பாட்டிக்கு வந்தது கேன்சர் என்று அந்தப் பேரைச் சொல்லியே சொன்னேன். பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்டாலும் அதையேதான் சொல்லப் போகிறோம். டாக்டர், கூட வேலை செய்கிறவள், கட்டிய புருஷன் என்று எல்லாரையும் சந்தேகப்பட்ட எனக்கு, பாசத்தோடு சொன்ன ஒரு பொய்யை மட்டும் சந்தேகப்படத் தெரியவில்லை. சித்தி தன் நோயின் பேரைக்கூட வெளியே சொல்ல முடியாமல் போய்ச் சேர்ந்தாள். அவள் சொல்லாமல் விட்டதை இப்போது நான் கேட்கிறவர்களிடமெல்லாம் சத்தமாகவே சொல்கிறேன்.